சிங்கப்பூரில் வெள்ளைக் காக்கட்டூ (கொண்டைக்கிளி) பார்த்தவர்கள் உண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாசிர் ரிஸ் வாசி:
சாயங்காலம் சாங்கி வில்லேஜ் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். உணவங்காடியில் நாசி லெமாக்குக்கு வரிசையில் நிற்கும்போது தலைக்கு மேலே காது கிழிகிற கூச்சல் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று ஒரு கூட்டம் மரம் விட்டு மரம் தாவும். பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் "யாரோ வளர்த்த கிளி தப்பி வந்துடுச்சு" என்பார். முன்னோர் அப்படி வந்தவைதான், ஆனால் இன்று பறப்பவற்றில் பல இங்கேயே மரப்பொந்தில் பிறந்தவை.

சாங்கியில் நான் அதிகம் பார்ப்பது தனிம்பார் காக்கட்டூ. சொந்த ஊர் இந்தோனேசியாவின் தனிம்பார் தீவுகள். வெள்ளைக் காக்கட்டூகளிலேயே சிறியது, ஓர் அடிக்குக் கொஞ்சம் மேலே. கொண்டை குட்டை, அலகு வெளிர் நிறம், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இளஞ்சிவப்பு. இன்னொன்று மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ. அதற்கு அலகு கறுப்பு, கொண்டை நீளமாக மேல்நோக்கி வளைந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் பெரிய காக்கட்டூவும் எப்போதாவது தென்படுகிறது. அதற்கும் மஞ்சள் கொண்டை இருப்பதால் குழப்பம் வரும். நீங்கள் எதை, எங்கே பார்த்தீர்கள்?

தெலுக் பிளாங்கா அக்கா:
எங்கள் புளோக் ஃபேபர் மலையைப் பார்த்தபடி இருக்கும். இங்கே வருவது மஞ்சள் கொண்டை, எப்போதும் ஜோடியாகத்தான். துணி காயப்போடும் கழியில் உட்கார்ந்துகொண்டு கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே போடும். தின்பதற்கில்லை, கடிக்க ஏதாவது வேண்டும் அவ்வளவுதான். அலகு ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்குமாம், மரத்தையும் கொட்டையையும் கடித்துத்தான் தேய்க்க வேண்டுமாம்.

என் மாமியார் விரட்டப் போனால் ஓடாது. கொண்டையை விரித்து நிற்கும். அது கோபமா, பயமா, "யார் இந்தக் கிழவி" என்ற ஆர்வமா என்று இன்னும் எங்களுக்குப் பிடிபடவில்லை, எல்லாவற்றுக்கும் அதே கொண்டைதான்! அத்தை வைத்த பேர் வாயாடி. அது உட்கார்ந்து எழுந்த இடத்தில் முகப்பவுடர் கொட்டியது போல வெள்ளைத்தூள் கிடக்கும். முதலில் நோயோ என்று நினைத்தோம். இல்லையாம். சில இறகுகளின் நுனி உதிர்ந்து பொடியாகும், அதைப் பூசித்தான் மற்ற இறகுகளைப் பராமரிக்குமாம்.

கிளெமெண்டி தம்பி:
அக்கா, கிளிப் கழற்றுவதெல்லாம் இவற்றுக்குச் சும்மா. 2012இல் ஆஸ்திரியாவில் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த ஃபிகாரோ என்ற தனிம்பார் காக்கட்டூ, கூண்டுக்கு வெளியே இருந்த முந்திரியை இழுக்க மரச்சட்டத்திலிருந்து ஒரு சிம்பைக் கடித்தெடுத்துக் குச்சியாகப் பயன்படுத்தியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

2021இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே. தனிம்பாரில் காட்டில் பிடித்த பறவைகள் சில, கடல் மாங்காயின் கொட்டையைத் திறக்க வெவ்வேறு குச்சிகளைத் தாமே சீவிக்கொண்டன. தடித்தது பிளவை நெம்ப, கூரானது உள்தோலைக் கிழிக்க, நடுத்தரமானது பருப்பைத் தோண்டி எடுக்க. எல்லாப் பறவைக்கும் இது வரவில்லை, சிலவற்றுக்கு மட்டும்தான். கடல் மாங்காயின் நெருங்கிய சொந்தம்தான் நம் ஊர்ச் சாலையோரத்தில் நிற்கும் பொங்-பொங் மரம். அதனால் அந்த மரத்தில் வெள்ளையாக ஏதாவது உட்கார்ந்தால் நான் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்ப்பேன். இதுவரை குச்சி சீவியதைப் பார்த்த பாக்கியம் இல்லை.

உபின் சைக்கிள்காரர்:
தம்பி, அறிவாளிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. சாங்கியில் ஒரு பெரிய பட்ட மரத்தில் நம் நாட்டு நீண்டவால் கிளிகள் ஒரு பொந்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு தனிம்பார் ஜோடி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. கிளிகள் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டுப் போய்விட்டன. அப்புறம் பல நாள் அந்த ஜோடிதான் பொந்து விளிம்பைக் கடித்து அகலப்படுத்திக்கொண்டிருந்தது.

இவை மரங்கொத்தி மாதிரி புதிதாகத் துளை போடாது. மரம் உளுத்து உண்டான பொந்தோ, வேறு பறவை விட்டுப்போன பொந்தோ வேண்டும். அந்த மாதிரி வயசான மரம் நகரத்தில் எத்தனை இருக்கிறது? பாதுகாப்பு கருதிப் பட்ட கிளைகளை வெட்டுகிறார்கள், அதைத் தப்பும் சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் பொந்துக்கு நீண்டவால் கிளி, மைனா, இருவாச்சி, இவை என்று அடிபிடி. உபின் தீவில் இருவாச்சிக்குப் பெட்டிக்கூடு வைத்தது பலித்தது. வந்தேறிப் பறவைக்கும் அப்படிச் செய்யணுமா என்றால், என் ஓட்டு வேண்டாம் என்பதற்கே.

பாசிர் ரிஸ் வாசி:
அண்ணே, தனிம்பார் விஷயத்தில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். மஞ்சள் கொண்டை என்று வந்தால் என்னால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அது மிக அருகிவிட்ட இனம். சொந்த மண்ணான சுலாவெசி, சிறு சுந்தா தீவுகள், திமோர் எல்லாம் சேர்த்து முதிர்ந்த பறவைகள் இரண்டாயிரத்துக்குள்தான் இருக்கும் என்கிறார்கள்.

1856இல் இயற்கையியலாளர் வாலஸ் பாலியிலிருந்து லொம்போக்குக்குக் கடல் கடந்தபோது, பாலியில் காணாத வெள்ளைக் காக்கட்டூகள் லொம்போக்கில் இருந்ததைக் கவனித்தார். ஆசியப் பக்க விலங்குகளையும் ஆஸ்திரேலியப் பக்க விலங்குகளையும் பிரிப்பதாகப் பின்னால் அவர் பேரால் வழங்கும் கோட்டுக்கு அது ஒரு சான்று. சிங்கப்பூர் அந்தக் கோட்டுக்கு மேற்கே வெகுதூரம், ஆகவே இங்கே காக்கட்டூ தானாக வர வழியே இல்லை. அந்த லொம்போக்கிலேயே இன்று அவை அநேகமாக இல்லை. கூண்டு வியாபாரம்தான் முக்கியக் காரணம், காடழிப்பு அடுத்தது. வருஷத்துக்கு இரண்டு மூன்று முட்டை, ஆணும் பெண்ணும் மாறி மாறி நான்கு வாரம் அடைகாக்கும். குஞ்சைப் பொந்திலிருந்து எடுத்துக்கொண்டே போனால் ஈடுகட்டவே முடியாது.

சர்வதேச வியாபாரத்தைத் தனிம்பாருக்கு 1992லும் மஞ்சள் கொண்டைக்கு 2005லும் தடுத்தார்கள். அப்படியும் 2015இல் இந்தோனேசியாவின் சுரபாயா துறைமுகத்தில் 20க்கும் மேற்பட்ட பறவைகளைப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குள் திணித்துக் கடத்தியவர் பிடிபட்டார். அந்தப் படத்தைப் பார்த்தபின் வாயாடியைத் திட்ட எனக்கு மனசு வராது.

உபின் சைக்கிள்காரர்:
திட்டவில்லை தம்பி. பொந்தைத்தான் கேட்கிறேன்.

ஈசூன் ஜெயா:
ஒரு சந்தேகம். எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு பெரியவர் ரொட்டி பிய்த்துப் போடுகிறார். புறா, மைனாவோடு ஒரு வெள்ளைக் கொண்டைக்கிளியும் வருகிறது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. சொல்லலாமா, விடலாமா?

தெலுக் பிளாங்கா அக்கா:
சொல்லிவிடு ஜெயா, பக்குவமாக. வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவைக்குத் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். ரொட்டியால் அதற்கும் புண்ணியம் இல்லை. கொட்டை, பழம், பூ என்று தேடித் தின்கிற பிராணி அது. மனுஷர் கையைப் பார்த்துப் பழகினால் நாளைக்குப் பிடிக்க வருகிறவனிடமும் நேரே போய் உட்காரும்.

கிளெமெண்டி தம்பி:
ஜெயா அக்கா, காலில் வளையம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் யாரோ வீட்டிலிருந்து அண்மையில் தப்பியதாக இருக்கலாம். தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லிவிடுங்கள், நீங்களே பிடிக்கப் போக வேண்டாம். அந்தக் கடி லேசில் ஆறாது.

ஈசூன் ஜெயா:
வளையம் இல்லை. அலகு கறுப்பு. உடம்பு புறாவைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

பாசிர் ரிஸ் வாசி:
கன்னத்தில் மஞ்சள் திட்டு பளிச்சென்று தெரிகிறதா? ஆஸ்திரேலியப் பறவைக்கு அது மங்கல், உருவமும் ரொம்பப் பெரிசு.

ஈசூன் ஜெயா:
நல்லாவே தெரியுது.

பாசிர் ரிஸ் வாசி:
அப்போ மஞ்சள் கொண்டைதான். ஈசூனில் நான் பார்த்ததே இல்லை. சனிக்கிழமை காலையில் வருகிறேன், எந்தப் பக்கம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். இங்கே புளோக் நம்பர் போட வேண்டாம்.