மறு: மீன்தொட்டி ஓவர்ஃப்ளோ குழாய்களுக்குத் தமிழ்ச்சொல் – நிறைகால், குறைகால், வெறுங்கால்

குழுவினருக்கு வணக்கம்.

> சத்தமில்லாத ஓவர்ஃப்ளோவை 'நிசப்த வழிந்தோடி' என்று வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சொல்லில் நம் ஆசைதான் இருக்கிறது, குழாய்க்குள் நடப்பது இல்லை. ராத்திரி 11 மணிக்கு வால்வைப் பிடித்தபடி அலமாரி முன்னால் குந்தியிருப்பவனுக்கு அது ஒத்தாசை செய்யாது.

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் மேல்மட்டத்து நீர், சீப்புப் பல் மாதிரியான ஒரு தடுப்பைத் தாண்டிச் சின்னப் பெட்டிக்குள் விழுகிறது. அங்கிருந்து குழாய் வழியே அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு இறங்குகிறது. பம்பு அதைத் திரும்ப மேலே ஏற்றுகிறது. (கீழ்த்தொட்டியை 'சம்ப்' என்று சொல்லவே கூடாது. "சம்ப் நிரம்பிடுச்சு" என்று நான் ஒருநாள் கத்த, வீட்டில் ஓடிப்போய்த் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள்.)

தடுப்புக்குப் புதுச்சொல் தேவையில்லை, கலிங்கு இருக்கிறது. ஏரிக் கலிங்கின் மேல் வரிசையாகக் கல் நட்டு, இடைவெளியைப் பலகையாலோ மண்ணாலோ அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துவார்கள். நம் சீப்பும் பார்க்க அப்படியேதான் இருக்கிறது, என்ன, இங்கே அது மீனைத் தடுக்கிறது. கலிங்கு தாண்டிய நீர் திருநெல்வேலிப் பக்கம் மறுகால் பாயும், தருமபுரிப் பக்கம் கோடி விழும், இலங்கை வன்னியில் வான் பாயும். நான் மறுகாலை எடுக்கிறேன். வாய்க்காலிலும் அதிலும் இருக்கும் அந்தக் 'கால்' எனக்கு வேண்டும்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். குழாயில் நீர் பாதி, காற்று பாதி என்று இறங்கினால்தான் இரைச்சல். விழும் நீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போய்க் கீழே குமிழியாக உடைக்கிறது. சுற்றிலும் உப்புத் தெறித்து வெள்ளையாகப் படிவதும் இதனால்தான். குழாய் முழுக்க நீராக, துளிக் காற்றும் இல்லாமல் சைஃபனாக (தானே உறிஞ்சி இழுக்கும் ஓட்டமாக) இறங்கினால் சத்தமே இருக்காது. நிறைகுடம் தளும்பாது என்று நாம் எத்தனை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம்! அதனால் இது நிறைகால்.

ஆனால் நிறைகால் ஒன்றை மட்டும் நம்பினால் ஆபத்து. அதன் வால்வை என்னதான் நுணுக்கமாகத் திருகினாலும் பம்பு ஏற்றும் அளவோடு சரிக்குச் சரி நிற்காது. கொஞ்சம் கூடத் திறந்துவிட்டால் பெட்டி வற்றிக் காற்றை உறிஞ்சும், சைஃபன் அறுந்துபோகும், மட்டம் ஏறியதும் மறுபடி பிடிக்கும். கழிவறை ஃப்ளஷ் மாதிரி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 'களக்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் வால்வை ஒரு மயிரிழை குறைத்து வைத்து, மிஞ்சுகிற சிறு ஒழுக்கை இரண்டாவது குழாயில் விடுகிறோம். அது குழாய்ச் சுவரை ஒட்டி மெல்ல வழிவதால் காதில் விழாது. இது குறைகால்.

குறைகாலின் தலையில் ஒரு மெல்லிய காற்றுக்குழல் உண்டு. நிறைகால் அடைத்துக்கொண்டால் பெட்டியில் மட்டம் ஏறி அந்தக் குழலின் வாயை மூடும். காற்று நின்றதும் குறைகாலே நிறைகாலாகிவிடும். இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பாகத் 'திறந்த வழித்தடம்', 'முழு உறிஞ்சி' என்றெல்லாம் வைத்து எழுதிப் பாருங்கள், எங்கே மூச்சு முட்டுகிறது என்று தெரியும்.

மூன்றாவது குழாய் எல்லாவற்றுக்கும் உயரமாக, எப்போதும் காலியாக நிற்கும். அது வெறுங்கால். 'அவசரக்கால்', 'காவல்கால்' இரண்டையும் யோசித்தேன். வெறுமையாக இருப்பதுதான் அதன் வேலை என்பதைச் சொல்லும் பெயர் மேல் என்று பட்டது. போன மழைக்காலத்தில் அதில் சலசலவென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் நிறைகாலின் வாயில் ஒரு நத்தை, குறைகாலில் பாசி. தரை நனையவில்லை.

மறுகாலுக்கு மூன்று கால் என்று எழுதிவிட்டால் ஹெர்பி, பீன்அனிமல் என்ற ஓவர்ஃப்ளோ முறைகளின் பெயர்களை மொழிபெயர்க்கத் தேவையிருக்காது. ஹெர்பி முறைக்கு நிறைகாலும் வெறுங்காலும், பீன்அனிமல் முறைக்கு மூன்றும். டர்சோ என்ற இன்னொரு வகைக் குழாய் குறைகால் மட்டும்தான்.

—

> நிறைகால், குறைகால்

நல்ல முயற்சி தம்பி. ஒரு சங்கடம். பழந்தமிழில் கால் என்றால் காற்று. நிறைகால் என்றால் 'காற்று நிறைந்தது' என்றல்லவா ஆகிறது? நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். குறைகால் ஊனத்தைச் சுட்டுவது போலவும் ஒலிக்கிறது. அப்புறம், கரண்ட் போனால் என்ன ஆகும் என்று எழுதவில்லையே?

—

ஐயா,

காற்று என்ற பொருள் உண்மைதான், எனக்கு உறைக்கவே இல்லை. இருந்தாலும் வாய்க்காலைக் கேட்டு யாரும் 'வாயில் காற்று' என்று எடுத்துக்கொள்வதில்லை. மறுகால் என்ற தலைப்பின் கீழ் வரும்போது இதுவும் நீர்ப்பொருளிலேயே நிற்கும் என்று நம்புகிறேன். குறைகால் பற்றி நீங்கள் சொன்னது சரி. 'ஒழுகுகால்' எப்படி? எதிர்ச்சொல் அழகு போய்விடுகிறது, ஆனால் யார் மனமும் புண்படாது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

கரண்ட் போனால் பம்பு நிற்கும், கலிங்கு மட்டத்துக்கு மேலே உள்ள நீரெல்லாம் கீழே வரும். என் தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். 2.5 செ.மீ. இறங்கினாலே 13.5 லிட்டர். கீழ்த்தொட்டியில் அதற்கு இடம் விட்டிருக்கிறேன். கரண்ட் வந்ததும் நிறைகால் தானே காற்றைத் தள்ளிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். அதற்கு அதன் கீழ்முனை நீருக்குள் ஓர் அங்குலம் போல மட்டுமே முங்கியிருக்க வேண்டும். ஆழமாக முக்கினால் காற்று வெளியேறாமல் திணறும்.

நேற்று மூன்று குழாயிலும் பெயரெழுதி ஒட்டினேன். "வெறுங்காலுக்குச் செருப்பு வாங்கலையா?" என்று மகள் கேட்டாள்.