மொய் எழுதியும் எழுதாதவன் ஆகிவிட்டேன், என்ன செய்யலாம்?

செல்லூர் முருகேசன்:
போன ஆவணியில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணின் தகப்பனார் என்னோடு மில்லில் வேலை பார்த்தவர். 2016இல் என் மகள் காதுகுத்துக்கு 1,000 ரூபாய் செய்தவர். 2,000 ஆகத் திருப்பிச் செய்வோம் என்று விடியற்காலையிலேயே மதுரையில் பஸ் ஏறினேன். முகூர்த்த நாள், வழியெல்லாம் நின்றுகொண்டுதான் போனேன். மண்டபத்தில் ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. மொய் மேஜையில் பணத்தைக் கொடுத்து, "செல்லூர் முருகேசன்" என்று கத்தினேன். எழுதியவர் தலையாட்டினார். பிறகு பந்தி. சாப்பிடுகிறவரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அவர் எப்போது பாயசத்துக்கு வருவார் என்று இலையையே பார்த்து நிற்கிற வேலை இருக்கிறதே, அதைவிடப் பட்டினியாகவே திரும்பலாம்!

இப்போது அந்த வீட்டு அம்மா என் மனைவியிடம், "அண்ணன் வந்தார், ஆனால் நோட்டில் பெயர் இல்லையே" என்று சொல்லியிருக்கிறார். எழுதினேன் என்று நானே போய்ச் சொன்னால், 2,000 ரூபாய்க்காக வாசலில் வந்து நிற்கிறான் என்பார்கள். சும்மா இருந்தாலும் அவப்பெயர். என்ன செய்வது?

கருமாத்தூர் பாண்டி:
எங்கள் ஊர்க் கல்யாணங்களில் நோட்டுப் பிடிப்பவன் நான். வீட்டாரைக் கேட்காதீர்கள், மொய் எழுதியவரைக் கேளுங்கள். பந்தி முடிந்ததும் பணத்தையும் நோட்டையும் ஒத்துப் பார்த்துத்தான் ஒப்படைப்போம். அன்றைக்குத் தொகை சரியாக இருந்தது என்றால், உங்கள் 2,000 வேறு யாரோ ஒருவரின் பெயரில் உட்கார்ந்திருக்கிறது. முருகேசன் என்று ஒரு கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் தெரியுமா? ஊரோடு தகப்பனார் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டர் மொய் வந்துவிட்டது, ரசீதே கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

சென்னை வாசகர்:
உறையில் போட்டு மேடையில் மாப்பிள்ளை கையில் கொடுத்தால் இந்த வம்பே இல்லையே?

தேனி மகேஸ்வரி:
தம்பி, அந்த மேடைக்குப் போகிற வரிசையில் நின்றிருக்கிறீர்களா? பெண் அலங்காரம் முடிந்து வருவதற்குள் இங்கே கடைசி பஸ் போய்விடும். அதுவும் போக, எங்கள் பக்கம் செய்முறை என்பது நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. நோட்டில் ஏறாத பணத்தை யார் பெயரில் திருப்புவார்கள்?

முருகேசன் அண்ணே, நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், அண்ணியைப் பேசச் சொல்லுங்கள். "வேறு ஊர் பெயரில் ஏறியிருக்கிறதா, பாருங்கள் மதினி" என்று அவர் கேட்டால் அது பேச்சு. நீங்கள் கேட்டால் வசூல்.

செல்லூர் முருகேசன்:
மனைவி நேற்று கேட்டுவிட்டாள். நோட்டில் "மேலூர் முருகேசன், 2,000" என்று இருக்கிறதாம். மேலூரில் அவர்களுக்குச் சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை. யார் இவர், எப்படித் திருப்பிச் செய்வது என்று அவர்களும் ஒரு மாதமாகக் குழம்பியிருக்கிறார்கள். அடித்து எழுதிவிட்டார்களாம். தை மாதம் அவர்கள் வீட்டிலேயே இன்னொரு கல்யாணம், பத்திரிகை வந்துவிட்டது. பாண்டி, அங்கே மேஜையில் நீங்கள் இருப்பீர்களா?