மறு: டை ராடு எண்டு – 'கட்டுத்தண்டு முனை' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி டை ராடு, அதன் நுனியில் மாட்டியிருக்கும் உறுப்பு டை ராடு எண்டு. இவற்றுக்குக் குழுவில் முன்வைத்த தமிழ்ச்சொற்கள் இவை:

> டை ராடு = கட்டுத்தண்டு
> டை ராடு எண்டு = கட்டுத்தண்டு முனை

இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம். முதலில் 'முனை'யை எடுத்துக்கொள்வோம். கழற்றிப் போட்ட பழைய எண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரப்பர் உறை கிழிந்திருக்கும். உள்ளே கிரீஸும் மண்ணும் கலந்து கருஞ்சேறாகி இருக்கும். தண்ணீர் புகுந்திருந்தால் துருவும் ஏறியிருக்கும். மேலே நீட்டிக்கொண்டிருக்கிற காம்பை விரலால் தட்டினாலே சாய்ந்து விழும். புதியதில் அதே காம்பை அசைக்கக் கை நன்றாக அழுத்த வேண்டும். காம்பின் அடியில் ஓர் உருண்டை, அதைக் கவ்விப் பிடிக்கும் கிண்ணம். தேய்மானம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான், நுனியில் இல்லை. நம் தோளுக்கும் இடுப்புக்கும் பள்ளிப் பாடத்தில் 'பந்து கிண்ண மூட்டு' என்று படித்தோமே, அதே அமைப்பு. ஆகவே மூட்டு என்ற சொல் பெயரில் இருந்தே ஆகவேண்டும். "மூட்டு தேய்ந்துவிட்டது" என்றால் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் புரியும். "முனை தேய்ந்துவிட்டது" என்றால் மெக்கானிக்கே எந்த முனை என்று கேட்பார்.

அப்புறம் 'தண்டு'. வண்டியில் தண்டு என்றதும் பெரும்பாலும் சுழலும் உறுப்புதான் நினைவுக்கு வரும். இதற்குச் சுழலும் வேலை இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் ரேக் (பல் வெட்டிய நீளக் கம்பி) இடவலமாக நகர, கூடவே இது சக்கரத்தைத் தள்ளும், இழுக்கும். நெம்புகோலில் இருக்கிற 'கோல்' இதற்குப் பொருத்தம். 'கட்டு' என்பதிலும் செய்கிற வேலை தெரியவில்லை. சரி, 'இணைப்பு' என்று போகலாமென்றால், இணைப்புத் தண்டு என்ற பெயர் ஏற்கெனவே பிஸ்டனின் கனெக்டிங் ராடுக்குப் போய்விட்டது.

என் பரிந்துரை: திருப்புகோல், திருப்புகோல் மூட்டு. சக்கரத்தின் பக்கம் இருப்பது வெளிமூட்டு. ரேக் பக்கம் மடிப்பு உறைக்குள் ஒளிந்திருப்பது, பட்டறையில் ரேக் எண்டு என்கிறார்களே, அது உள்மூட்டு.

ஒரு கலைச்சொல்லைக் கையேட்டு நடையில் வைத்துப் பார்த்தால்தான் அது நிற்குமா என்று தெரியும்:

"முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு கொடுக்கவும். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து அசைக்கவும். ஆட்டம் இருந்தால் திருப்புகோல் மூட்டுகளைப் பார்க்கவும். மேலும் கீழும் பிடித்து அசைக்கையில் ஆட்டம் தெரிந்தால் பேரிங்கையோ கீழ்க்கை மூட்டையோ பார்க்கவும். வெளிமூட்டை மாற்றும்போது, செக் நட்டைத் தளர்த்தி, ஸ்பிளிட் பின்னை உருவி, காம்பின் நட்டைக் கழற்றவும். காம்பு சரிவாகக் கடைந்தது என்பதால் துளையில் இறுகியிருக்கும். அதன் தலையில் அடித்தால் மரை நசுங்கும், இழுவான் (புல்லர்) போட்டு எடுக்கவும். மூட்டைக் கோலிலிருந்து எத்தனை சுற்றில் கழற்றினீர்களோ, புதியதை அத்தனை சுற்று ஏற்றவும். பிறகு அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்கவும்."

எங்கும் இடறவில்லை என்று நினைக்கிறேன். கீழ்க்கை என்பது சக்கரத்தை வண்டியோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் லோயர் ஆர்முக்கு நான் போட்டது. கை இருக்கும்போது மூட்டும் இயல்பாக வந்து சேர்கிறது. 'பிளே' என்பதற்கு ஆட்டம் என்றே எழுதியிருக்கிறேன். பட்டறையில் "ஆட்டம் இருக்கு" என்றுதான் சொல்கிறார்கள், வேறு சொல் தேட வேண்டாம். செக் நட்டு (மூட்டைக் கோலில் பூட்டி நிறுத்துவது), ஸ்பிளிட் பின் (காம்பின் நட்டு கழலாமல் தடுப்பது) இரண்டையும் இப்போதைக்குத் தொடவில்லை. கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருள்கள்.

எனக்கு இன்னும் உறுதிப்படாதது 'டோ-இன்', 'டோ-அவுட்', அதாவது சக்கரங்களின் முன்பக்கம் சற்று உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்பது. உள்முகம், வெளிமுகம் என்று வைத்துப் பார்க்கிறேன். "வெளிமுகம் கூடினால் டயரின் உள்விளிம்பு தேயும்" என்ற வாக்கியத்தில் வெளியும் உள்ளும் அடுத்தடுத்து வந்து வாசகரைத் தடுமாற வைக்குமோ என்பதுதான் என் கவலை. அலைன்மென்ட் கடையில் வேலை பார்ப்பவர்கள் குழுவில் இருந்தால், அங்கே வாடிக்கையாளருக்கு இதை எப்படி விளக்குகிறீர்கள் என்று எழுதுங்கள்.