கலைச்சொல்: ‘ஸ்லட்ஜ் டிராப்’ – கசட்டுப் பொறியா?

வணக்கம். பழைய டிரையம்ப் 650 மோட்டார்சைக்கிளின் இரட்டை சிலிண்டர் என்ஜினைப் பிரித்துக் கட்டும் கையேட்டில் ‘ஸ்லட்ஜ் டிராப்’ வருகிறது. கிராங்க் தண்டுக்குள், இணைப்புத்தண்டு மாட்டும் கழுத்தான பிக் எண்ட் ஜர்னல் ஊடாகச் செருகியிருக்கும் குழல் அது. இந்த வண்டிகளில் கம்பிவலைச் சல்லடைதான், நுண்வடிகட்டி கிடையாது. எண்ணெயில் வரும் உலோகத்தூளும் கரியும் மையவிலக்கு விசையால் குழலின் சுவரில் அப்பி இறுகிவிடும். ‘கசட்டுப் பொறி’ என்று வைக்கலாமா?

---

> கசட்டுப் பொறி

வேண்டாம் ஐயா. என்ஜின் கையேட்டில் பொறி என்றால் ஒருவர் என்ஜினை நினைப்பார், இன்னொருவர் ஸ்பார்க்கை நினைப்பார். எலிப்பொறி கடைசியில்தான் நினைவுக்கு வரும். ‘பொறியைக் கழற்றிக் கழுவவும்’ என்று எழுதிப் பாருங்கள், தெரியும்.

கசடும் பொதுச்சொல். எண்ணெய்ப் பாத்திரத்தின் அடியில் தங்குவதற்குக் ‘கசண்டு’ என்ற சொல் வழக்கில் இருக்கிறதே. கசண்டுக் குழல் என்போம்.

பெயர் குழல் என்று முடிந்தால் வேலை முறையும் விளங்கும். முதலில், குழலைப் பிடித்திருக்கும் பிளைவீல் போல்ட்டைக் கழற்ற வேண்டும். அதை மறந்துவிட்டுக் குழலை இழுத்தால் குழல்தான் கிழியும். பிறகு கிராங்க் பக்கவாட்டில் இருக்கும் திருகுமூடி. அது சுழன்று கழலாமலிருக்க விளிம்பில் பஞ்ச் உளியால் குத்தியிருப்பார்கள்; அந்தக் குத்தைத் துளையிட்டு எடுத்து, சூடுகாட்டி, இம்பாக்ட் டிரைவரால் (சுத்தியலால் அடிக்க அடிக்கத் திருப்பும் கருவி) திருப்பவேண்டும். வெறும் திருப்புளியைப் போட்டால் காடி மழுங்கும். திரும்பக் கட்டும்போது குழலின் துளை போல்ட் துளைக்கு நேரே நிற்கவேண்டும். போல்ட்டுக்குத் திருகுப்பசை, 33 அடி-பவுண்டு இறுக்கம்.

---

கசண்டு சரி. பொறியை விட்டதும் சரி. ஆனால் குழல் டிரையம்ப்புக்கு மட்டுமே பொருந்தும். நார்ட்டன் கமாண்டோ மோட்டார்சைக்கிளில் செருகுகுழல் கிடையாது. போல்ட்டால் பிணைத்த கிராங்கின் உட்குடைவிலேயே கசண்டு சேரும், கிராங்கைப் பிரித்துத்தான் சுரண்ட முடியும். ஆகவே இடத்துக்குக் ‘கசண்டறை’. டிரையம்ப்பில் அந்த அறைக்குள் இருப்பது ‘கசண்டுக் குழல்’. ‘கசண்டுக் குழல் மாற்றுக’ என்று நார்ட்டன்காரர் படித்தால், இல்லாத உதிரியைத் தேடி அலைவார்.

விளக்கக்குறிப்பில் ஒன்றைச் சேர்க்கவேண்டும்: கசண்டறை நிறைந்தால் எண்ணெய் அழுத்தமானி காட்டிக்கொடுக்காது. டிரையம்ப்பில் அழுத்தம் அளக்கப்படுவது என்ஜினின் பக்கமூடியான டைமிங் கவரில், அதாவது எண்ணெய் கிராங்குக்குள் நுழையுமுன். முள் நன்றாகவே நிற்கும். உள்ளே பிக் எண்ட் ஷெல் (ஜர்னலைச் சுற்றியிருக்கும் பேரிங்) வறண்டு உரசிக்கொண்டிருக்கும். ஜர்னலைக் கடைந்து புது ஷெல் போட்டாலும் கசண்டறையைத் தொடாவிட்டால் அந்தச் செலவு வீண், கடைசலில் விழுந்த தூளும் அதற்குள்ளேயே போய் உட்காரும். கட்டி முடித்ததும் டைமிங் பக்க முனையில் எண்ணெய்க்குப்பியை வைத்து அழுத்தி, இரண்டு ஜர்னல் துளைகளிலும் எண்ணெய் ஊறி வருகிறதா பார்க்கவேண்டும்.

---

கசண்டறை, கசண்டுக் குழல் இரண்டுக்கும் உடன்பாடு. மேல்மடலில் வந்த ‘திருகுமூடி’யையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். என் வரைவில் ‘அடைப்பு’ என்று எழுதியிருந்தேன். ‘அடைப்பை நீக்கவும்’ என்றால் மூடியைக் கழற்றுவதா, உள்ளே இறுகியதைச் சுரண்டுவதா என்று குழம்பும்.