கள்ளச்சந்தை ஆளோட பேரம்: உருட்டி முடிக்கலாமா, உட்கார்ந்து பேசணுமா?

ஆறுமுகப்பகடை:
ஷேடோரன் ஐந்தாம் பதிப்பு நடத்திக்கிட்டிருக்கேன், ஆளுக்கொரு கேரக்டரா பேசி, பகடை உருட்டி ஆடுற கதை விளையாட்டு. நாலு பிளேயர், மூணு மணி நேர செஷன். கதையில அவங்களுக்கு ஆயுதம் வாங்கித் தர்றவ பேரு பல்லி, அவளா பேசுறது நான். மூடிக் கிடக்கிற சலவைக்கடையில உட்கார்ந்திருப்பா. துப்பாக்கியைக் கைக்குழந்தைப் போர்வையில சுத்தித்தான் கொடுப்பா, வாங்கின பணத்தை நம்ம எதிர்ல எண்ண மாட்டா. எல்லாருக்கும் அவளைப் பிடிச்சிருக்கு, வம்பே அதுலதான் வந்தது. போன செஷன்ல ஒருத்தர் ஒரு ஸ்னைப்பர் ரைஃபிளுக்குப் பேரம் பேச ஆரம்பிச்சு ஒரு மணி நாற்பது நிமிஷம் போயிடுச்சு. மத்த மூணு பேர்ல ஒருத்தர் பகடையை அடுக்கிக் கோபுரம் கட்டினார், ஒருத்தர் ஃபோன், இன்னொருத்தர் தான் தூங்கவே இல்லைன்னு சத்தியம் பண்றார். இனிமே இதை ஒரே உருட்டுல முடிச்சிடலாமா?

இருபதுமுகம்:
முடிச்சிடுங்க தல. விதி ஏற்கெனவே இருக்கு. ஒவ்வொரு பொருளுக்கும் கிடைப்பு எண் உண்டு, அது கிடைக்கிறது எவ்ளோ கஷ்டம்னு சொல்றது. பக்கத்துல ஆர் இருந்தா உரிமம் வேணும், எஃப் இருந்தா வச்சிருக்கிறதே குத்தம். பல்லியோட பேரத்திறன், வசீகரம், செல்வாக்கு எண் மூணையும் கூட்டி அத்தனை பகடை எடுங்க, எதிர்ப்பக்கம் கிடைப்பு எண் அளவுக்குப் பகடை. ஜெயிச்சா சரக்கு வரும். எப்ப வரும்னு விலையே சொல்லிடும்: 100 நுயென் (அந்த ஆட்டத்துக் காசு) வரைக்கும் 6 மணி நேரம், 1,000 வரைக்கும் ஒரு நாள், 10,000 வரைக்கும் ரெண்டு நாள், 1,00,000 வரைக்கும் ஒரு வாரம், அதுக்கு மேல ஒரு மாசம். மொத்தம் அஞ்சு நிமிஷ வேலை.

கறுப்புமை:
அப்புறம் பல்லி எதுக்கு? காசு போட்டா பொருள் விழுற மிஷினை வச்சிடலாமே. கள்ளச்சந்தை ஆள் சுவாரசியமா இருக்கிறதுக்குக் காரணம் அவ விக்கிற பொருள் இல்ல, உன்னைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்ங்கிறது. யார் எப்ப என்ன வாங்கினான்னு ஒரு ஆள் மனசுல கணக்கு இருக்கு. என் கேம்பெயின்ல (பல செஷனா ஓடுற கதை) அந்தக் கணக்கை எங்க கள்ளச்சந்தை ஆள் எதிரி கும்பலுக்கு வித்துட்டான். நம்ம ஆளுங்க உள்ளே போறாங்க, அங்க எல்லாரும் இவங்க வாங்கின குண்டுக்கு ஏத்த கவசத்தோட நிக்கிறாங்க. டேபிள்ல ஒரு நிமிஷம் மூச்சுச் சத்தம்கூட இல்ல. இதெல்லாம் உருட்டினா வராது பாஸ்.

வரைபடராணி:
நான் அப்படி ஒரு டேபிள்ல பிளேயரா இருந்தவ. உங்களுது இல்ல, வேற ஜிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்). அந்தப் பக்கக் கதையையும் கேளுங்க. கேரக்டர் உருவாக்கும்போது வசீகரத்தை மூணால பெருக்கினா வர்ற புள்ளிதான் காண்டாக்டுக்கு, அதாவது பல்லி மாதிரி தெரிஞ்ச ஆளுக்கு, இலவசமா கிடைக்கும். செல்வாக்கு 3, விசுவாசம் 4ன்னு மொத்தம் ஏழு புள்ளியை ஒரே ஆள்மேல கொட்டினேன். மூணாவது செஷன்ல காட்டிக் கொடுத்தான். ஜிஎம்முக்கு முகமெல்லாம் பெருமை. அதுக்கப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? நாங்க யார்கிட்டயும் எதுவும் வாங்கல. செத்த காவலாளி கையில இருந்ததை எடுத்துக்கிட்டு ஓட்டினோம். ஜிஎம் எழுதி வச்சிருந்த பத்து ஆளையும் யாரும் போய்ப் பார்க்கவே இல்ல.

கறுப்புமை:
விசுவாசம் 4ஆ? அப்ப அந்த ஜிஎம் செஞ்சது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா என் ஆளுக்கு விசுவாசம் 1. ஆறு வரைக்கும் போற அளவுல 1ன்னா வெறும் வியாபாரம்தான், வேற ஒட்டு உறவு கிடையாது. புள்ளி மிச்சம் பிடிச்சு 1 வாங்கிட்டு 6 மாதிரி நடந்துக்கணும்னா எப்படி? இதைக் கேரக்டர் ஷீட்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே வாய்விட்டுச் சொல்லிட்டேன். அதனாலதான் யாருக்கும் கோவம் வரல.

வரைபடராணி:
முதல் பதிவுல அதைச் சொல்லலையே அண்ணே. முன்கூட்டியே சொல்லிட்டீங்கன்னா அது வேற கதை.

பழையபதிப்பு:
நான் 1977ல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ஆட்டத்தின் பள்ளியைச் சேர்ந்தவன், எனக்கு இந்த விலைப் பேச்சே அலுப்பு. அதில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு சட்ட எண் உண்டு. 3 என்றால் எந்திரத் துப்பாக்கி கூடாது, 5 என்றால் மறைத்து வைக்கக்கூடிய கைத்துப்பாக்கி கூடாது, 7 என்றால் ஷாட்கன்னும் போச்சு, 9 என்றால் வீட்டுக்கு வெளியே எந்த ஆயுதமும் கூடாது. வாங்குவது சுலபம். 2 எண் கிரகத்தில் வாங்கியதை 7 எண் கிரகத்தில் கப்பலிலிருந்து எப்படி இறக்குவாய் என்பதுதான் ஆட்டம். அங்கேதான் ஆள் வேண்டும். சுங்கத்தில் எந்த அதிகாரி எந்த முறை வேலையில் இருப்பான் என்று தெரிந்த ஆள். பேரத்துக்கு இரண்டு நிமிடம் போதும், இறக்குவதற்கு ஒரு முழு செஷன் கொடுங்கள், நால்வருக்கும் வேலை இருக்கும்.

இருபதுமுகம்:
ஐயா சொல்றதைத்தான் நானும் சொல்றேன். வாங்குறதை ஆடாதீங்க, வாங்கினதால வர்றதை ஆடுங்க. பிளேட்ஸ் இன் த டார்க்னு திருட்டுக் கும்பலா ஆடுற ஆட்டத்துல பாருங்க. பொருள் வேணுமா, கும்பலோட தரநிலை எத்தனையோ அத்தனை பகடை உருட்டு. 6 விழுந்தா உன் தரத்தைவிட ஒரு படி மேல, 4, 5னா உன் தரம், அதுக்குக் கீழன்னா ஒரு படி மட்டம். காசு போட்டா முடிவை உயர்த்திக்கலாம். கதை முடிஞ்சுது. ஆனா வேலையை முடிச்சுட்டு வரும்போது சூடு, அதாவது போலீஸ் கவனம், ஏறும், ஒன்பது கட்டம் நிரம்பினா தேடப்படும் நிலை ஒரு படி கூடும். அது மொத்தக் கும்பலையும் கடிக்கும், பேரம் பேசினவரை மட்டும் இல்ல.

கறுப்புமை:
ஒன்பது கட்டத்துக்கு முகம் இல்லையே நண்பா. கட்டம் நிரம்பிச்சுன்னா யாரும் வருத்தப்பட மாட்டாங்க. போர்வையில துப்பாக்கி சுத்திக் கொடுத்தவ ஒரு நாள் கடையில இல்லைன்னா வருத்தப்படுவாங்க. நான் ஒரு மணி நாற்பது நிமிஷத்துக்கு வக்காலத்து வாங்கல. விலையைப் பேசவே விடாதீங்க, அதைப் பகடைகிட்ட கொடுத்துடுங்க. அவ எதை விக்க மாட்டாங்கிறதை மட்டும் பேசுங்க. வெடிபொருள் கேட்டா, "இதே தெருவுல வெடிக்கிறதுக்குன்னா என்கிட்ட இல்ல, வேற தெருவுக்குன்னா எந்தத் தெருன்னு சொல்லு"ங்கிறா. அவ்ளோதான். இப்ப நாலு பேரும் திட்டத்தைச் சொல்றதா மறைக்கிறதான்னு அடிச்சுக்குவாங்க.

புதுவரவு:
ஒரு சந்தேகம். நானும் ஒரு நவீன காலக் கேம்பெயின் ஆரம்பிக்கிறேன். நிஜத்துல இதெல்லாம் எப்படி நடக்குது, என்ன விலைன்னு தேடிப் படிக்கணுமா?

வரைபடராணி:
வேண்டவே வேண்டாம்ப்பா. யாரும் ரசீது கேக்கப் போறதில்ல. அந்த ஆள் எதுக்குப் பயப்படுறான், யாருக்குக் கடன்பட்டிருக்கான், இது ரெண்டு தெரிஞ்சா போதும். விலை உன் விதிப் புத்தகத்துல இருக்கிறதுதான்.

ஆறுமுகப்பகடை:
(ஒன்பது நாள் கழிச்சு)
நடத்திப் பார்த்துட்டேன். முதல்ல உருட்டல், பேச்சு அப்புறம். ரைஃபிள் 10,000க்கு மேல, அதனால ஒரு வாரம்னு வந்துச்சு. பல்லி விலையைப் பத்தி வாயே திறக்கல. "வழக்கமா வர்ற பையன் மூணு நாளா வரல. அவனைக் கண்டுபிடிச்சா சீக்கிரம் தர்றேன்"னா. கோபுரம் கட்டினவர் கோபுரத்தைக் கலைச்சுட்டு, "அந்தப் பையன் வீடு எங்க?"ன்னார். மீதி செஷன் முழுக்க அதேதான் ஓடுச்சு. பேரம் பேசுறவருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். தள்ளுபடி கேக்க வாய்ப்பே கொடுக்கலையாம்.

இருபதுமுகம்:
மொத்தம் எத்தனை நிமிஷம் கடையில?

ஆறுமுகப்பகடை:
பன்னிரண்டு.

இருபதுமுகம்:
அஞ்சுல முடிஞ்சிருக்கும்.

கறுப்புமை:
அஞ்சுல முடிஞ்சிருந்தா அந்தப் பையன் வந்திருக்கவே மாட்டான்.

வரைபடராணி:
அது கிடக்கட்டும், ஃபோன் பார்த்துக்கிட்டிருந்தவர் என்ன ஆனார்?

ஆறுமுகப்பகடை:
இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்கார். அதுக்குப் பல்லியைக் குத்தம் சொல்ல முடியாது.