குரூசோ பிஸ்கட்டை எந்தப் பையில் போட்டான்?

தேன்சிட்டு கேட்டது:
மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு இரவுகளில் ராபின்சன் குரூசோ கதையைத் தமிழில் சொல்லி வருகிறேன். நேற்று வசமாக மாட்டிக்கொண்டேன். உடைகளைக் களைந்துவிட்டுத் தரைதட்டிய கப்பலுக்கு நீந்துகிறான். அங்கே ரொட்டி அறையில் பைகள் நிறைய பிஸ்கட்டை அடைத்துக்கொள்கிறான். "சட்டையைத்தான் கழற்றிவிட்டானே, அப்பா, பை ஏது?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். 1719இல் வந்த புத்தகம். இத்தனை காலம் ஒருவரும் கேட்கவில்லையா?

பழம்பதிப்பு:
கேட்காமல் என்ன! வந்த வருடமே பிடித்துக்கொண்டார்கள். சார்லஸ் கில்டன் என்பவர் கதையை எழுதிய டீஃபோவைக் கிண்டலடித்து அதே ஆண்டு எழுதிய புத்தகத்திலும் இந்தப் பை வருகிறது. ஆனால் சற்றுத் தள்ளிப் படியுங்கள். கரையில் விட்ட சட்டையையும் கோட்டையும் அலை கொண்டுபோய்விட்டது என்று புலம்பும் இடத்தில், கால்சட்டையும் காலுறையும் உடம்போடுதான் இருந்தன என்கிறான். மகளிடம் கால்சட்டைப் பை என்று சொல்லிவிடுங்கள்.

ஒற்றைத்துடுப்பு:
பையை மன்னித்துவிடலாம். எனக்கு உறுத்துவது அவன் நாக்கு. நிஜமாகவே தீவில் தனித்திருந்த ஸ்காட்லாந்து மாலுமி அலெக்சாண்டர் செல்கிர்க், கப்பல் ஒழுகுகிறது என்று சண்டை போட்டு, 1704இல் சிலிக்கு மேற்கே உள்ள ஒரு தீவில் இறங்கிக்கொண்டார். 1709இல் மீட்டவர்களிடம் சொற்களைப் பாதிப் பாதியாகத்தான் பேசினார். செருப்புப் போட்டதும் கால் வீங்கிவிட்டது. நாலு வருடம் நாலு மாதத்துக்கே இந்தக் கதி! குரூசோவோ இருபது வருடத்துக்கு மேல் தனியாக இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை என்று அவன் பெயர் வைத்த துணையாள் வந்ததும் மடைதிறந்தாற்போல் சமயபோதனை செய்கிறான். தீவுக் கதை எழுதுகிறவர்கள் பசியை எழுதிவிடுகிறார்கள், நாக்கு மரத்துப்போவதை எழுதுவதில்லை.

பழம்பதிப்பு:
அவன் பைபிள் வாசித்தான், கிளிக்குப் பேசக் கற்றுக்கொடுத்தானே ஐயா.

ஒற்றைத்துடுப்பு:
செல்கிர்க்கிடமும் பைபிள் இருந்தது, சங்கீதமும் பாடினார். கிளிதான் இல்லை. சரி, கிளிக்காக அரை மதிப்பெண் தருகிறேன்.

தேன்சிட்டு:
இருவருக்கும் நன்றி. கால்சட்டைப் பையை ஒப்புக்கொண்டாள். உடனே அடுத்தது: "திரும்பி நீந்தும்போது பிஸ்கட் நனைந்திருக்குமே?" புத்தகத்தைப் புரட்டினேன். கப்பலில் வேலை செய்துகொண்டே தின்றுவிட்டான். கரைக்குத் திரும்பியது தெப்பத்தில்.