புதுப்பிப்பு: தெலுக் இந்தானில் எங்கே சாப்பிடலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தெலுக் இந்தான் ஊரின் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "சாய்ந்த கோபுரம் பார்க்க வருகிறோம், எதை விடவே கூடாது?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

என் கணக்கில் முதலிடம் மஸ்தான் கனி கடையின் மீ ரெபுஸுக்குத்தான் (கெட்டிக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்). அடுத்து, இந்த ஊர் சீ சியோங் ஃபன், அதாவது ஆவியில் வேகவைத்த அரிசி மாவுச் சுருள். மற்ற ஊர்களில் சாஸ் ஊற்றித் தருவார்கள். இங்கே செங்குவாங் கிழங்கும் காய்ந்த இறாலும் அரிசி மாவு ஏட்டுக்குள்ளேயே சுருண்டிருக்கும். தொட்டுக்கொள்ள ஊறவைத்த பச்சை மிளகாய். சைவக்காரர்கள் கவனம்.

உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தோட்டத்துப் பக்கத்து ஒட்டுக்கடைகளில் பசியாறுங்கள். அங்கே தோசை சுடும் அக்காமார்களுக்கு விளம்பரம் செய்ய யாருமில்லை, நாம்தான் சொல்ல வேண்டும். மாவு தீர்ந்தால் கடையைக் கட்டிவிடுவார்கள், வெள்ளனே போய்விடுங்கள்.